மீன் சந்தையில், ருசி நம் கடையில்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் மீன் பையோடுதான் வருகிறார்கள். மீனுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, நம்மிடம் வந்து நூறு கிராம் புளி, கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட், கொஞ்சம் பூண்டு என்று கேட்கிறார்கள். கூட்ட நேரம் என்பதால் நாமும் எடை போட்டுக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். அந்த மீன் அவர் வீட்டில் எப்படி அமைந்தது என்பதில் நமக்கும் பங்கு உண்டு என்று பெரும்பாலும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

உண்மையில் பெரும் பங்கே நம்முடையதுதான். ஆயிரம் ரூபாய் வஞ்சிரத்தை இருபது ரூபாய் மட்ட மிளகாய்த்தூள் கெடுத்து விடும். பழைய, பூசணம் பிடித்த புளி குழம்பையே கசக்க வைத்து விடும். குழம்பு கெட்டால் வீட்டில் மீன்காரரைத் திட்டுவது ஒரு முறை. கடைக்காரரைத் திட்டுவது அந்த மிளகாய்த்தூள் தீரும் வரை! இன்று செல்போனில் தட்டினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மளிகைச் சரக்கு வீட்டு வாசலுக்கு வருகிறது. அப்படி இருந்தும் நம் கடைப் படியேறி வருகிறவர் மீன் வாங்கிய கையோடு வருகிற இந்த ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர். அவரை விட்டுவிடக் கூடாது.

நம்மில் மீன் சாப்பிடாத வணிகர்கள் பலர் உண்டு. அவர்களும் இதைப் படிக்கலாம். விற்கிறவருக்கு நாக்கு ருசி வேண்டியதில்லை. தன் சரக்கு எந்தச் சட்டிக்குப் போகிறது, அங்கே என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

எந்த மீனைச் சொல்கிறோம்?

மீன்களை மளிகைக்காரர் பார்வையில் இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். மத்தி, அயிலை போன்றவை எண்ணெய்ச் சத்து மிகுந்தவை, சதை கருத்திருக்கும். அவற்றுக்கென்று தனி ருசியும் தனி வாசனையும் உண்டு. இன்னொரு வகை, வெந்தால் வெள்ளையாக, இறுகிய சதையோடு, துண்டு உடையாமல் நிற்பவை. கொடுவா, வஞ்சிரம், களவா, விளமீன், வவ்வால் ஆகியவை இந்த வகை. விலை கூடியவையும் பெரும்பாலும் இவைதான்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்பார்கள். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நெய்மீன். இலங்கைத் தமிழர்களுக்கு அது அறுக்குளா. வெளியூரிலிருந்து குடிவந்தவர் நம் கடையில் "நெய்மீன் வாங்கியிருக்கிறேன், என்ன பொடி தருவீர்கள்?" என்று கேட்டால் விழிக்காமல் இருக்க இது உதவும்.

இந்த வெள்ளைச் சதை மீன்களின் குணம், தனியாக அவற்றுக்கு ருசி மென்மையானது. உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்தால் நோயாளிச் சாப்பாடு போல இருக்கும். ஆனால் சதை இறுக்கமானதால் எத்தனை புளிப்பும் காரமும் வந்தாலும் தாங்கும், கரைந்து போகாது. ஆகவே இவற்றுக்குத் துணைச் சரக்குதான் உயிர். துணைச் சரக்கு என்றால் புளிப்பு, காரம், மணம். மூன்றும் நம் அலமாரியில் இருக்கின்றன.

புளிப்பு ஏன் வேண்டும்?

மீன் பிடிபட்டு நேரம் ஆக ஆக ஒரு வாடை கிளம்புகிறது. இதற்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமின் என்ற பொருள். புளிப்புச் சேர்ந்ததும் அந்தப் பொருள் ஆவியாகிக் கிளம்ப முடியாமல் குழம்பிலேயே கட்டுண்டு விடுகிறது, மூக்குக்கு எட்டுவதில்லை. மீன் கழுவும்போது புளித் தண்ணீரோ எலுமிச்சையோ விட்டுக் கழுவுவதும், உலகமெங்கும் மீன் வறுவலோடு எலுமிச்சைத் துண்டு வைப்பதும் இதனால்தான். நம் பாட்டிமார்கள் இரசாயனம் படிக்காமலே கண்டு வைத்த விஷயம். ஆனால் ஒன்று: கெட்டுப்போன மீனைப் புளி நல்ல மீனாக்கி விடாது. செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று, விரலால் அழுத்தினால் சதை மீண்டு எழும் மீனுக்குத்தான் இதெல்லாம்.

புளியில் நாம் கவனிக்க வேண்டியது வயது. புதுப்புளி தை, மாசி, பங்குனியில் வரத்துக் கண்டு சித்திரை வரை நீளும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்தும், கர்நாடகத்தின் தும்கூர், ஆந்திரத்தின் இந்துப்பூர் போன்ற சந்தைகளிலிருந்தும் சரக்கு வருகிறது. புதுப்புளி செம்பழுப்பு நிறம், புளிப்பில் ஒரு இனிப்புத் தட்டும், ரசத்துக்கு எடுப்பு. ஓராண்டு ஆன புளி கருக்கும். புளிப்பு ஆழமாக இருக்கும். மீன் குழம்புக்கு இதையே பல வீடுகளில் விரும்பிக் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே கூடையில் கலந்து கொட்டி வைத்தால் இரண்டு வாடிக்கையாளருக்கும் திருப்தி இராது. தனித்தனியாக வைத்து, "குழம்புக்கா, ரசத்துக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுப்பவர் கடையை மக்கள் மறப்பதில்லை.

இருப்பு வைப்பதிலும் கவனம் வேண்டும். கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காயவைத்து, இடையிடையே கல் உப்புத் தூவி அழுத்தி வைத்த புளி ஆண்டு முழுவதும் கெடாது. இரும்பு, அலுமினிய டின்களில் வைக்கக் கூடாது; புளிப்பு உலோகத்தை அரிக்கும். மண் பானை, பீங்கான் ஜாடி, உணவுக்கான பிளாஸ்டிக் வாளி ஆகியவை ஏற்றவை. இதே காரணத்தால் மீன் குழம்புக்கு மண்சட்டி நல்லது என்று வாடிக்கையாளரிடமும் சொல்லலாம். கடை வாசலில் நாலு சட்டி அடுக்கி வைத்தால் அதுவும் விற்கும்.

குமரி மாவட்டத்தாரும் மலையாளிகளும் மீனுக்குக் குடம்புளி கேட்பார்கள். மரத்துப் பழத்தின் தோலைக் காயவைத்துப் புகையூட்டிய கருப்புச் சுளைகள் அவை. விலை புளியைவிடப் பல மடங்கு. ஆனால் அரைக் கிலோ மீனுக்கு மூன்று, நான்கு சுளை போதும். ஆகவே ஐம்பது கிராம் பொட்டலமாக வைத்தால் வாங்கத் தயங்க மாட்டார்கள். பெயர் ஒற்றுமையால் இதைக் கொடுக்காப்புளியோடு குழப்பிக் கொள்ளும் பையன்கள் உண்டு. கொடுக்காப்புளி என்பது பள்ளிக்கூட வாசலில் விற்கும் சுருள் காய், குழம்புக்கு ஆகாது. கடைப் பையனுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

சித்திரை, வைகாசியில் மாங்காய். மாங்காய் போட்டால் புளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் இரண்டையும் கொடுத்து அனுப்பினால், "உங்கள் புளி ரொம்பப் புளிப்பு" என்று மறுநாள் புகார் வரும்!

காரமும் நிறமும் ஒன்றல்ல

மிளகாயைப் பற்றி நம் வாடிக்கையாளர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. நிறம் அதிகம் என்றால் காரம் அதிகம் என்று. அப்படி அல்ல. கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் நல்ல சிவப்பு நிறம் தரும், காரம் குறைவு. ஆந்திரத்துக் குண்டூர் மிளகாய் காரத்துக்குப் பெயர் பெற்றது. நம் இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய், முண்டு என்றும் சொல்வார்கள், காரமும் தனி வாசனையும் கொண்டது. 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பியாடகிக்கு 2011-லேயே கிடைத்து விட்டது.

மீன் குழம்புக்கு நிறமும் வேண்டும், காரமும் வேண்டும். ஆகவே ஒரே மிளகாயில் நிற்காமல் கலந்து அரைப்பது நல்லது. முக்கால் பங்கு சம்பா அல்லது குண்டு மிளகாய், கால் பங்கு பியாடகி என்று கலந்தால் குழம்பு கண்ணுக்கும் நாக்குக்கும் பொருந்தும். குழம்புப் பொடிக்கு ஒரு கிலோ மல்லிக்கு அரைக் கிலோ மிளகாய் என்பது பல வீடுகளின் அளவு. காரம் கூட வேண்டுவோர் முக்கால் கிலோ வரை போவார்கள். மஞ்சளும் கொஞ்சம் மிளகும் சீரகமும் சேர்த்து வறுத்து அரைப்பது அவரவர் வழக்கம். அரைத்த பொடி சூடாக இருக்கும். ஆற விட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். இதையும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். சூட்டோடு மூடி வைத்துக் கட்டிபிடித்தால் பழி நம் மிளகாய்க்கு வரும்.

இங்கேதான் வணிகர் விழிப்போடு இருக்க வேண்டிய இடம். மிளகாய்த்தூளில் சாயம் கலப்பது பழைய மோசடி. 2003-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் சூடான் என்னும் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்ச் சரக்குக்குச் சோதனைச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. யாரோ சிலர் கலந்த சாயத்துக்கு நேர்மையான ஏற்றுமதியாளர்களும் செலவும் கெட்ட பெயரும் சுமக்க நேர்ந்தது.

கடையிலேயே செய்யக் கூடிய ஒரு சோதனை உண்டு. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, மேலாக ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைத் தூவுங்கள். தண்ணீரில் கரையும் சாயம் கலந்திருந்தால் நிறம் கோடு கோடாகக் கீழே இறங்கும். அடியில் தங்கியதை விரலால் தேய்த்துப் பார்த்து நறநறவென்று இருந்தால் செங்கல் தூளோ மணலோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் சூடான் போன்ற எண்ணெயில் கரையும் சாயத்தை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வழி. அதனால்தான் யாரிடம் கொள்முதல் செய்கிறோம் என்பது முக்கியம். சந்தை விலைக்கு மிகவும் கீழாக ஒருவர் மிளகாய்த்தூள் தருகிறார் என்றால், முழு மிளகாய் விலையையும் அரைவைக் கூலியையும் கூட்டிப் பாருங்கள். கணக்கு இடிக்கும்.

மிளகிலும் இப்படித்தான். பப்பாளி விதை கலந்த மிளகைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு மூழ்கும். பப்பாளி விதை மிதக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரைத்த மசாலாப் பொடிகளைத் திறந்த டப்பாவிலிருந்து அள்ளி எடை போட்டு விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. பொட்டலமாக, லேபிளோடுதான் விற்க வேண்டும். முழு மிளகாய், முழு மல்லி, மிளகு ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் விற்பனையாளரின் பொறுப்பு தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. காலாவதியான பொருளை விற்றாலோ, சுகாதாரமற்ற நிலையில் வைத்திருந்தாலோ, தயாரித்தவர் அல்லது விநியோகித்தவர் யார் என்று காட்ட முடியாமல் போனாலோ, பொறுப்பு கடைக்காரர் தலையில்தான் விழும். ஆகவே கொள்முதல் ரசீது இல்லாத மசாலாச் சரக்கை வாங்குவது, நமக்கு நாமே குழி தோண்டுவது போல. கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் என்று பார்த்து ரசீதை விட்டுவிட வேண்டாம். ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோப்பில் வைத்துக் கொள்ளுங்கள்.

எண்ணெய், வெந்தயம், வெங்காயம்

மீன் குழம்புக்கு நல்லெண்ணெய் என்பது பல மாவட்டங்களில் மாற்ற முடியாத வழக்கம். புளியின் கூர்மையை அது மழுக்கி, குழம்பின் மேல் மிதந்து மணக்கும். குமரிப் பக்கம் தேங்காய் எண்ணெய். இதில் ஒரு எச்சரிக்கை: விளக்கேற்றுவதற்கு மட்டும் என்று அச்சிட்ட எண்ணெய்ப் பாக்கெட்டுகள் நல்லெண்ணெய்ப் பாக்கெட்டைப் போலவே தோற்றம் அளிக்கின்றன. விலையும் குறைவு. சமையல் எண்ணெய் அடுக்கில் அவற்றை வைக்கவே கூடாது. பூஜைப் பொருட்களோடு வைப்பதுதான் சரி. படிக்கத் தெரியாத பாட்டியம்மா விலையைப் பார்த்து எடுத்துப் போய்க் குழம்பு வைத்தால் அந்தப் பாவம் நமக்கு.

வெந்தயம் சின்னச் சரக்கு. ஆனால் மீன் குழம்பின் வாசனையே அதில்தான். காய்ந்த எண்ணெயில் பொன்னிறமாகும்வரை மட்டும் பொரிய வேண்டும். கருகினால் சட்டி முழுவதும் கசக்கும். சின்ன வெங்காயம் குழம்புக்கு இனிப்பும் கெட்டித்தன்மையும் தரும். பெரிய வெங்காயம் அதற்கு ஈடாகாது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று சனிக்கிழமை மாலையே ஈரமில்லாத, முளைவிடாத சின்ன வெங்காயத்தை வாங்கி வைத்தால் கழிவு குறையும்.

கேட்பவருக்குச் சொல்ல மூன்று பக்குவம்

புதிதாகக் குடித்தனம் தொடங்கிய இளம் தம்பதிகள், வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆகியோர் "எப்படிச் செய்வது?" என்று கடையிலேயே கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல மூன்று பக்குவங்களைத் தருகிறோம்.

குழம்பு: கொடுவா அல்லது வஞ்சிரம் அரைக் கிலோ. எலுமிச்சை அளவு புளி, இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி, இரண்டு பச்சை மிளகாய், நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், மூன்று தேக்கரண்டி குழம்புப் பொடி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை, உப்பு. எண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, தக்காளி குழையும்வரை கிளற வேண்டும். பொடிகளைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி, புளிக் கரைசலும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரியும்போதுதான் மீன். மீன் போட்ட பிறகு தீயைக் குறைத்து ஏழெட்டு நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். மீன் சதை மிகச் சீக்கிரம் வேகும். ஆட்டுக்கறி போலக் கொதிக்க விட்டால் நார் நாராக வறண்டு போகும். இறக்கி அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் புளியும் உப்பும் துண்டுக்குள் இறங்கியிருக்கும். மறுநாள் இன்னும் ருசி.

வறுவல்: விரல் கனத்தில் நான்கு துண்டு. மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை, மஞ்சள் கால், இஞ்சி பூண்டு விழுது ஒன்று, அரிசி மாவு ஒன்று, அரை மூடி எலுமிச்சைச் சாறு, உப்பு. துண்டுகளை நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தடவ வேண்டும். ஈரம் இருந்தால் மசாலா கல்லில் ஒட்டிக்கொண்டு மீன் வெறுமையாக வரும். இருபது நிமிடம் ஊறினால் போதும். எலுமிச்சை சேர்த்து மணிக்கணக்கில் வைத்தால் சதை மேல்புறம் வெளுத்து விறைத்துப் போகும். இரும்புத் தோசைக்கல்லில், மிதமான தீயில், ஒரு பக்கம் முறுகிய பிறகுதான் திருப்ப வேண்டும். இதற்குத் துணை, மெல்லியதாக அரிந்த சின்ன வெங்காயத்தில் எலுமிச்சைச் சாறு, உப்பு, கொத்தமல்லித் தழை பிசறியது. மாங்காய்க் காலத்தில் துருவிய மாங்காயும் கொஞ்சம் மிளகாய்த்தூளும். காரமான வறுவலுக்கு இந்தப் புளிப்புப் பிசறல் எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சாப்பிட்டவர்கள் அறிவார்கள்.

இலை மீன்: காரம் ஆகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. மும்பைப் பார்சி மக்களின் திருமணப் பந்தியில் வவ்வால் மீனை இப்படி வாழையிலையில் பொதிந்து வைப்பது பேர்பெற்ற வழக்கம். ஒரு கைப்பிடி கொத்தமல்லி, பாதிக் கைப்பிடி புதினா, இரண்டு பச்சை மிளகாய், நான்கு பல் பூண்டு, அரை மூடித் தேங்காய், கொஞ்சம் சீரகம், உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கெட்டியாக அரைத்து மீன் துண்டின் இருபுறமும் அப்ப வேண்டும். தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்து, இட்லிப் பாத்திரத்தில் கால் மணி நேரம் ஆவியில் வேகவைத்தால் போதும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம்.

கல்லாக் கணக்கு

மேலே சொன்ன குழம்பை வணிகக் கண்ணோடு பாருங்கள். மீன்காரரிடம் வாங்கியது ஒரே பொருள். மற்றவை புளி, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், வெந்தயம், நல்லெண்ணெய், உப்பு; ஆகப் பன்னிரண்டு பொருள். வறுவலும் செய்தால் மிளகு, அரிசி மாவு, எலுமிச்சை, இஞ்சி சேரும். ஒவ்வொன்றிலும் லாபம் சில ரூபாய்தான். ஆனால் பன்னிரண்டும் ஒரே கடையில் கிடைத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போக மாட்டார். ஒன்று இல்லை என்றாலும் மற்றப் பதினொன்றையும் அங்கேயே வாங்கிக் கொள்வார்.

செய்யக் கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. சனி மாலையும் ஞாயிறு காலையும் இந்தச் சரக்குகளைக் கடையின் முன்வரிசைக்குக் கொண்டு வாருங்கள். புளி ஐம்பது, நூறு கிராம் பொட்டலங்களாகத் தயாராக இருக்கட்டும். கறிவேப்பிலை, கொத்தமல்லி ஈரத்துணியில் சுற்றி இருக்கட்டும். முழு மிளகாயும் மல்லியும் வாடிக்கையாளர் கண்முன் எடை போட்டு, "அரைத்து வைத்துக் கொள்ளுங்கள், மூன்று மாதம் வரும்" என்று சொல்லுங்கள். பெரிய அங்காடியில் புளிப் பாக்கெட் அரைக் கிலோ என்றால் அரைக் கிலோதான்; பத்து ரூபாய்க்குப் புளி கேட்க முடியாது, எந்த மீனுக்கு எந்தப் புளி என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. நமக்கு மிச்சமிருக்கும் பலம் இது.

தடைக்காலமும் விரத மாதமும்

மீன் வரத்தைப் பார்த்து நம் இருப்பையும் அமைத்துக் கொள்ள வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடை 2017 முதல் 61 நாட்கள் ஆனது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடும் காலம் இது.

இந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும், விலை ஏறும். ஏரி, குளத்து மீனும் கருவாடும் அந்த இடத்தைப் பிடிக்கும். கருவாட்டுக் குழம்புக்குப் புளி, பூண்டு, சின்ன வெங்காயம் இன்னும் கூடுதலாகத்தான் செலவாகும். ஆகவே இருப்பைக் குறைக்க வேண்டியதில்லை. கொடுவா மட்டும் வளர்ப்புக் குளங்களிலிருந்து தடைக்காலத்திலும் கிடைக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்ததில் தொடங்கிய பலன் அது.

ஜூன் நடுவில் படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பியதும் சந்தை நிறையும். அந்த வாரங்களில் நம் கடையில் எதுவும் தீர்ந்து போயிருக்கக் கூடாது. புரட்டாசியில் பல வீடுகளில் மீன் கிடையாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வீட்டிலும் அப்படியே. அப்போது பூண்டையும் மீன் மசாலாவையும் கூடுதலாக வாங்கிப் போட்டுக் காலாவதித் தேதியோடு போராட வேண்டாம். ஒரு நாட்காட்டியில் இந்தத் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தாலே போதும்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை

மீன் விலை நம் கையில் இல்லை. கடலையும் காற்றையும் ஏலத்தையும் பொறுத்தது அது. நம் கையில் இருப்பது புளியின் வயது, மிளகாயின் சுத்தம், எண்ணெயின் உண்மை, சரியான எடை ஆகியவை. வாரம் முழுவதும் உழைத்த ஒரு தொழிலாளி, பிள்ளைகளுக்கு ஒரு நாள் நல்ல மீன் வாங்கிக் கொடுக்கலாம் என்று தன் கூலியில் பெரும் பகுதியைச் செலவிட்டுத்தான் அந்தப் பையோடு நம் படியேறுகிறார். அவருடைய பணம் வீணாகாமல் இருக்க நாம் கொடுக்கும் ஐம்பது கிராம் சரக்கு நல்லதாக இருக்க வேண்டும். அதை நல்லதாகக் கொடுத்தால் அடுத்த ஞாயிறும் அவர் வருவார். அந்த வரவைக் காப்பாற்றிக் கொள்வது நம் எல்லோருக்கும் கைகூடுகிற காரியம்தான். வரும் சனிக்கிழமையே தொடங்குவோம்.